கேஸில் போட்ட பெயர் ஏன் ஒப்பிடவில்லை?

அன்புள்ள தம்பிக்கு,

எந்த வயதைக் கொடுத்தாலும் ஹாஸ்கெல் நிரல்மொழியில் நீ எழுதிய டிக்கெட் ஃபங்ஷன் 0 ரூபாய் என்றே சொல்கிறது என்று எழுதியிருந்தாய். தேவைப்படும்போது மட்டுமே கணக்கிடும் ஹாஸ்கெலின் லேசி இவாலுவேஷன் மேல் பழி போட்டிருக்கிறாய். பாவம், அதற்கு இதில் பங்கே இல்லை.

மேலே இலவசவயது = 5 என்று வைத்திருக்கிறாய். கீழே, வயதை கேஸில் (மதிப்பை வரி வரியாகப் பொருத்திப் பார்த்து விடை தரும் அமைப்பு) போட்டு, முதல் வரியில் அம்புக்குறிக்கு இடப்பக்கம் அதே இலவசவயதை எழுதியிருக்கிறாய். வயது 5ஆ என்று அது பார்க்கும் என்பது உன் கணக்கு. பார்க்காது. அந்த இடத்தில் ஒரு மாறியின் (வேரியபிள்) பெயர் வந்தால் புது மாறி ஒன்று பிறக்கும். வந்த மதிப்பு அதில் உட்காரும். 5 வந்தாலும் 70 வந்தாலும் பொருந்திவிடும். அடுத்த வரிகளுக்கு வாய்ப்பே வராது.

ஹாஸ்கெலின் கம்பைலரான ஜிஹெச்சி இதை உன்னிடம் சொல்லியிருக்கும். 'பேட்டர்ன் மேட்ச் இஸ் ரிடண்டண்ட்' (இந்த வரிக்கு வேலையே இல்லை) என்ற வார்னிங் தானாகவே வருவது. டெர்மினலில் மேலே தள்ளிப் பார். மைனஸ் டபிள்யூ ஆல் சேர்த்து கம்பைல் செய்தால், உள்ளே இருக்கும் பெயர் வெளியே இருப்பதை மறைக்கிறது என்பதையும் காட்டும்.

கேஸை எடுத்துவிட்டு கார்டு போடு, அதாவது ஒவ்வொரு விடைக்கும் முன்னால் ஒரு நிபந்தனை வை. அங்கேயும் ஒரு குழி உண்டு. கார்டுகள் மேலிருந்து கீழாக ஓடும், முதலில் ட்ரூ ஆனதே முடிவு. '12 வரை அரை டிக்கெட்' மேலேயும் '5 வரை இலவசம்' கீழேயும் இருந்தால் 4 வயதுக் குழந்தைக்கும் அரை டிக்கெட்தான். இதற்கு வார்னிங் வராது. இரண்டு ஒப்பீடுகளில் ஒன்று மற்றொன்றை விழுங்குகிறதா என்று கம்பைலர் கணக்குப் போடுவதில்லை. 5, 6, 12, 13 நான்கையும், உடனுக்குடன் விடை காட்டும் ஜிஹெச்சிஐயில் கொடுத்துப் பார்.

கடைசியில் அதர்வைஸ் போட மறக்காதே. அது மந்திரச் சொல் இல்லை, ட்ரூ என்பதற்கு வைத்த இன்னொரு பெயர். அதை கேஸின் இடப்பக்கம் எழுதினால் உன் இலவசவயதைப் போலவே புது மாறியாகிவிடும். கடைசி வரியில் எழுதுவதால் தற்செயலாகச் சரியாக ஓடும், பலர் கவனிப்பதே இல்லை.

இன்னும் பிடிபடவில்லை என்றால் நிரல் ஓடும்போதே செய்தி அச்சிட உதவும் டீபக்.ட்ரேஸை இம்போர்ட் செய். முதல் கார்டாக, வயதை அச்சிட்டுவிட்டு ஃபால்ஸ் தரும் ட்ரேஸ் ஒன்றை வை. அதன் வலப்பக்கம், தொட்டால் பிழை தரும் அன்டிஃபைன்ட் போதும். ஃபால்ஸ் என்பதால் அடுத்த கார்டுக்குப் போய்விடும், அன்டிஃபைன்டைத் தொடாது. எந்தக் கிளை ஓடியது என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு கார்டின் விடையிலும் தனித்தனிக் குறியோடு ட்ரேஸ் போடு. விடையை யாராவது கேட்டால்தான் அந்த வரி அச்சாகும். லேசி பற்றி நீ கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

அன்புடன்,
அண்ணன்