நீங்கள் தோற்றது நாகஷினோவில் அல்ல

தகேதா கட்சுயோரி அவர்களுக்கு,

புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று தமிழில் கேட்பார்கள். பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானில் கய் நாட்டுப் புலி என்று பெயரெடுத்த போர்த்தலைவர் ஷிங்கெனின் பிள்ளையான உங்களைப் பூனை என்றே பலரும் எழுதிவைத்துவிட்டார்கள். 1575இல் நாகஷினோ போரில் எதிரித் தலைவர் ஒடா நொபுனாகாவின் துப்பாக்கிகளுக்கு நேரே படையை ஏவினீர்கள், குடும்பம் அழிந்தது என்று இரண்டு வரியில் கதை முடிந்துவிடும்.

எனக்கு இது ஒப்பவில்லை. யமகதா மசகாகே, பாபா நொபுஹாரு என்று அப்பா காலத்துத் தளபதிகளை ஒரே நாளில் பலிகொடுத்தது பேரிழப்புதான். ஆனால் அதன்பின் ஏழு ஆண்டுகள் தாக்குப்பிடித்தீர்களே! உங்கள் தந்தையால் பிடிக்க முடியாத தகதென்ஜின் கோட்டையை 1574இல் பிடித்தவரும் நீங்கள்தான். அதை யார் சொல்கிறார்கள்?

என் வழக்கு வேறு. 1578இல், வடக்கே ஆண்ட உவெசுகி கென்ஷின் இறந்ததும் அவருடைய வளர்ப்பு மகன்கள் இருவரும் மோதினார்கள். ஒருவரான ககெதோரா, உங்கள் மனைவியின் உடன்பிறந்தவர். கிழக்கே ஆண்ட ஹோஜோ வீட்டுப் பிள்ளை. நீங்களோ எதிராளி ககெகட்சுவுடன் சமாதானமானீர்கள். அடுத்த ஆண்டு மைத்துனர் மாண்டார். பெண் கொடுத்த வீடே பகையாகி, நொபுனாகாவின் கூட்டாளி இயெயாசுவோடு கைகோத்தது. மேற்கே நொபுனாகா, தெற்கே இயெயாசு, கிழக்கே ஹோஜோ. கைக்கு வந்த புது நண்பர் ககெகட்சுவோ உள்நாட்டுப் போரில் இளைத்துப்போயிருந்தார். இதைவிட மோசமான பேரம் உண்டா?

பிறகு அதே தகதென்ஜின். இயெயாசு முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவர்கள் சரணடையவும் முன்வந்தார்கள். ஏற்காதே என்றார் நொபுனாகா. உங்களால் காப்பாற்ற முடியவில்லை என்று ஊரறியச் செய்வதே அவர் கணக்கு. நீங்கள் போகவில்லை. 1581இல் கோட்டை விழுந்தது. அன்றே மற்ற கோட்டைக்காரர்கள் தங்கள் கதியை யோசித்திருப்பார்கள்.

1582இல் உங்கள் பக்கத்துத் தலைவர்களே நொபுனாகா அணிக்குத் தாவினார்கள்: கிசோ மாறினார், அனயாமா மாறினார். தகதோ கோட்டையில் உங்கள் தம்பி மொரினொபு மட்டும் போரிட்டு மடிந்தார். கட்டி முடித்துச் சில மாதங்களே ஆன ஷின்பு கோட்டைக்கு நீங்களே தீவைத்துவிட்டு, உங்கள் தளபதி ஓயமாதாவை நம்பிப் போனீர்கள். அவரும் வழியை அடைத்தார். தென்மொகு மலையடியில் உங்களோடு மாண்ட மனைவிக்கு வயது 19, முந்தைய மனைவிக்குப் பிறந்த மகன் நொபுகட்சுவுக்கு 16. அண்ணனைக் கைவிட்ட கணவரை அந்தப் பெண் கைவிடவில்லை. அதுதான் என்னை உங்கள் மீது இன்னும் கோபப்பட வைக்கிறது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை, கியோத்தோவின் ஹொன்னோஜி கோயிலில் நொபுனாகாவும் முடிந்தார். கட்சி மாறிய ஓயமாதாவை அதற்கு முன்பே, எஜமானனுக்குத் துரோகம் செய்தவன் என்று ஒடா தரப்பே கொன்றுவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் பக்கம் பாதி நிற்பவன்