உயிலில் கார்டியன் பெயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

உயில் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை சொத்துப் பிரிப்பதோடு நின்றுவிட்டது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில், அவர்கள் யார் பொறுப்பில் வளர்வார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

'எனக்குப் பின் என் தம்பியே கார்டியன் (காப்பாளர்)' என்று அப்பா மட்டும் எழுதிவைத்து நிம்மதியாகிவிடுகிறார். இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் (1956) 9ஆம் பிரிவுப்படி, மனைவி உயிரோடு இருக்கும்வரை அந்த வரிக்கு மதிப்பில்லை; அம்மாதான் இயற்கைக் காப்பாளர், அதாவது யாரும் நியமிக்காமலே சட்டப்படி காப்பாளர். அம்மாவும் யார் பெயரையும் எழுதாமல் இறந்தால்தான் தம்பியின் நியமனம் உயிர்பெறும். அம்மா தன் அண்ணன் பெயரை எழுதியிருந்தால் அதுவே நிற்கும். அப்புறம் சித்தப்பா ஒரு வக்கீலையும், தாய்மாமன் ஒரு வக்கீலையும் வைத்துக்கொண்டு மோதுவார்கள். அதனால் கணவனும் மனைவியும் தனித்தனியாக உயில் எழுதி, இரண்டிலும் கார்டியனாக ஒரே ஆளையும், அவரால் முடியாவிட்டால் பொறுப்பேற்க ஒரே மாற்று ஆளையும் போட வேண்டும். பெயர் போடப்போகும் அந்த இருவரிடமும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமலே பெயர் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

தாத்தா பாட்டி பெயரை எழுதுமுன் ஒரு கணக்கு. பிள்ளைக்கு 4 வயது, தாத்தாவுக்கு 66 என்றால், பிள்ளைக்கு 18 ஆகும்போது அவருக்கு 80. வளர்ப்பவரும் பணத்தைப் பார்ப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பாசம் ஒருவரிடம், கணக்கு இன்னொருவரிடம் இருந்தால் இருவரையும் தனித்தனியே நியமிக்கலாம்.

அதிகம் சறுக்குவது மனை விற்பதில். உயிலில் பெயர் இருந்தாலும், மைனரின் நிலத்தை விற்க, அடமானம் வைக்க, 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட, முன்கூட்டியே கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் விற்ற பத்திரத்தை, பிள்ளை 18 முடிந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டு ரத்துசெய்யலாம். வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பதே அந்த உத்தரவைத்தான். தன்னைக் காப்பாளராக்கும் உயிலோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் வெறுமனே வளர்த்துவரும் பெரியப்பாவுக்கோ விற்கும் அதிகாரமே கிடையாது.

நாமினி வேறு, கார்டியன் வேறு. இன்சூரன்ஸ் பாலிசியில் மைனரை நாமினியாகப் போட்டால், அவர் சார்பில் பணம் வாங்குபவர் பெயரையும் அதே படிவத்தில் நிரப்ப வேண்டும். அதைக் காலியாக விட்டால் பணம் வருவது இழுத்தடிக்கும். வங்கி டெபாசிட்டுக்கும் இப்படித்தான்.

புதுச்சேரி உறவுகளுக்கு ஒன்று: பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களுக்கு மேற்சொன்ன 1956 சட்டம் பொருந்தாது. அவர்கள் அந்தச் சட்டம் தெரிந்த உள்ளூர் வக்கீலைப் பார்ப்பதே நல்லது.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகளின் கையெழுத்துதான் கட்டாயம். உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் உள்ள லாக்கரில் அதைப் பூட்டிவைக்காதீர்கள். அந்த லாக்கரைத் திறக்கவே தனியாக அலைய வேண்டியிருக்கும்.

- வழக்கறிஞர், மஞ்சக்குப்பம், கடலூர்