வேலியில முருங்கை நிக்க புரொக்கோலிக்கு எங்க போறது?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்கட பேப்பரில வருத்தம் வராமத் தடுக்கிற மரக்கறியள் எண்டு ஒரு பக்கம் முழுக்க வந்திருந்தது, நல்ல விசயம் தான், ஆனா புரொக்கோலி, அஸ்பராகஸ், கேல் எண்டு எழுதியிருக்கிறியள், உதுகளை ஒருக்கா மருதனார்மடம் சந்தையில தேடிப் பாருங்கோ. நான் வாசிச்சு முடிச்சிட்டு என்ன செய்தனான் தெரியுமோ, பின்வேலியில முறிச்ச முருங்கைக் கொப்பை அந்தப் பக்கத்துக்குள்ளயே வச்சு சுத்திப் போட்டன். இரவு பேப்பரில இறுக்கிச் சுத்தி வச்சா விடிய உதறேக்க இலை தானா கொட்டுப்படும், ஒவ்வொண்டா உருவத் தேவையில்லை, அம்மா காட்டித் தந்தது. அண்டைக்கு எங்கட வறைக்கு இலை விழுந்தது உங்கட புரொக்கோலிப் படத்துக்கு மேல தான்.

புரொக்கோலியில ஒண்டுமில்லை எண்டு நான் சொல்லேல்ல. அதில இருந்து வாற சல்ஃபொரஃபேன் எண்ட சாமானை 1992இல அமெரிக்காவில ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆக்கள் பிரிச்செடுத்துக் காட்டினதில இருந்து தான் அதுக்கு இந்த மவுசு. ஆனா எங்கட கோவா, முள்ளங்கி, கடுகு எல்லாம் அதே குடும்பம் தானே, அதே இனச் சத்துகள் அதுகளிலயும் இருக்கு. வெட்டேக்க தான் அந்தச் சத்தை உண்டாக்கிற, உள்ளுக்க இருக்கிற நொதியம் வேலை செய்யத் தொடங்கும், கனநேரம் அவிச்சா அது செத்துப்போகும், அதால கோவாவை அரிஞ்சு கொஞ்ச நேரம் விட்டிட்டு அரை அவியல்ல இறக்கிறது நல்லம். எங்கட வீடுகளில எண்டா அது வெள்ளையாகிக் களியாகிற வரைக்கும் அடுப்பால இறக்கமாட்டம், பிறகு சத்து எங்க கிடக்கப்போகுது.

முருங்கையிலைக்கு வாறன். இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் ஏயா மாறுற கரோட்டின், போலேற் எண்ட பி விற்றமின் எல்லாம் அதில இருக்கு. போலேற் எண்ட பேரே லத்தீனில இலைக்கு இருக்கிற சொல்லில இருந்து வந்தது தான், 1941இல கீரையில இருந்து பிரிச்செடுத்து அப்பிடிப் பேர் வச்சவை. கரோட்டின் உடம்பில சேர கொழுப்பு வேணும், எங்கட ஆக்கள் வறைக்குத் தேங்காய்ப்பூ போட்டு வச்சிருக்கினம், இறக்கினாப் பிறகு தேசிக்காய்ப் புளி விட்டா இரும்புச்சத்தும் கூடச் சேரும். புத்தகம் படிச்சோ செய்தவை? இதெல்லாத்தையும் வடிவாச் செய்துபோட்டு சாப்பிட்ட கையோட ஒரு பிளேன்ரீ குடிச்சுக் கெடுக்கிறது தான் எங்கட பழக்கம், தேத்தண்ணி இரும்பைச் சேரவிடாது, ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிச்சா என்ன குறைஞ்சுபோகும்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு பழமும் மரக்கறியும் சேர்த்து ஆகக் குறைஞ்சது 400 கிராம் எண்டு சொல்லுது, உருளைக்கிழங்கு மரவள்ளியெல்லாம் அந்தக் கணக்கில வராது. மகள் கேக் அடிக்க வச்சிருக்கிற தராசில நான் எங்கட மத்தியானச் சாப்பாட்டை நிறுத்துப் பாத்தனான். சோறு மலை மாதிரி, வறை 45 கிராம், கத்தரிக்காய்க் கறி எண்ணெயோட சேர்த்து 60 கிராம். அதோட சரி. வல்லாரைச் சம்பலும் பொன்னாங்காணியும் ஒவ்வொரு பிடி கூட வச்சா நாள் முழுக்கவும் சேர்த்து ஒருமாதிரி எட்டிப் பிடிக்கலாம், இல்லாட்டி பாதி கூட வராது.

இன்னொண்டு, இது தான் எனக்கு உண்மையில கோவம். உங்கட கட்டுரையில மரக்கறி "நோயை அழிக்கும்" எண்டு ஒரு வரி கிடக்கு. எங்கட சித்தப்பா போனில வந்த வீடியோவைப் பாத்திட்டு பாவக்காய்ச் சாறும் குறிஞ்சா இலைக் கஞ்சியும் குடிச்சுக்கொண்டு சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில குடுத்த குளிசையை மூண்டு மாசம் ஒருத்தருக்கும் சொல்லாம நிப்பாட்டிப் போட்டார், குளிசைச் சரை முழுக்க சாமித்தட்டுக்குப் பின்னால கிடந்தது, காலில சின்னக் காயம் ஒண்டு ஆறாமப் போய்க் காட்டேக்க சீனி 400க்கு மேல. இப்ப சுகம், ஆனா ரெண்டு விரல் இல்லை. பாவக்காய் நல்ல கறி, அது குளிசை இல்லை. அதே மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறவை திடீரெண்டு கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, சிறுநீரக வருத்தக்காரர் எல்லாக் கீரையும் கண்டபாட்டுக்குச் சாப்பிடவும் ஏலாது, டொக்டரைக் கேக்கோணும். உதுகளை நீங்கள் ஒரு மூலையில எண்டாலும் போட்டிருக்கலாம்.

கப்சூல் பைத்தியம் வேற. கனடாவில இருந்து மச்சாள் முருங்கையிலைப் பவுடர் போத்தல் அனுப்பியிருக்கிறா, யாழ்ப்பாணத்துக்கு! இலையில இருக்கிற சத்தைப் பிரிச்சுக் குளிசையாக் குடுத்தா இன்னும் நல்லம் எண்டு நினைச்சு பின்லாந்தில 29,000க்கு மேல சிகரெட் குடிக்கிற ஆம்பிளையளில சோதிச்சுப் பாத்தவை, முடிவு 1994இல வந்தது, பீற்றாகரோட்டின் குளிசை எடுத்தவைக்கு நுரையீரல் புற்றுநோய் குறையேல்ல, 18 வீதம் கூடிப்போச்சு. எங்கட பக்கமும் அப்பிடித் தான், வெத்திலையோட புகையிலையைக் கொடுப்புக்க அடக்கிக்கொண்டு வல்லாரை சாப்பிட்டா வாய்ப் புற்றுநோய் வராதோ எண்டு கேக்கினம். துப்பச் சொல்லுங்கோ முதல்ல.

அடுத்த கிழமை போடுறதெண்டா அகத்தி, முசுட்டை, தவசிமுருங்கை, பசளி எண்டு இஞ்ச கிடைக்கிறதைப் போடுங்கோ, எப்பிடிச் சமைக்கிறதெண்டும் எழுதுங்கோ. கீரைக்கு மருந்தடிச்சு எத்தினை நாளுக்குப் பிறகு பிடுங்கோணும் எண்டு விவசாயம் தெரிஞ்ச ஒராளைக் கேட்டும் போட்டா நல்லம், சந்தையில விக்கிற ஆக்களைக் கேட்டா சிரிக்கினம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏழாலை.