கீழ்ச்சுருதிக்கு ஏற்றவை எனத் தவறாக விற்கப்பட்ட கிட்டார் தந்திகள் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சிங்கப்பூர்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் கடையில் என் எலெக்ட்ரிக் கிட்டாரை ஒப்படைத்து, 'டிராப் சி' சுருதிக்கு (மிகத் தடித்த ஆறாம் தந்தியை ஈ-யிலிருந்து சி-க்கும், மற்றவற்றை இரண்டு அரைச்சுரமும் இறக்கும் முறை) ஏற்ற தந்திகளைப் பூட்டி செட்டப் (வாசிப்புக்கேற்பச் சீரமைத்தல்) செய்து தரும்படி கேட்டுக்கொண்டேன். தங்கள் ஊழியர் 10–46 தந்திக்கட்டு (மிக மெல்லிய தந்தி 10 தடிமன், மிகத் தடித்தது 46) ஒன்றைப் பரிந்துரைத்து, அதையே பூட்டிக் கொடுத்தார். தந்திக்கும் வேலைக்குமாக 85 வெள்ளி செலுத்தினேன். ரசீதின் நகலை இணைத்துள்ளேன். தங்கள் இணையக் கடையிலும் அதே கட்டு, டிராப் சி வரை எல்லாச் சுருதிகளுக்கும் ஏற்றது என்றே விவரிக்கப்பட்டுள்ளது. அந்த விவரம் உண்மைக்குப் புறம்பானது. அதை நம்பிப் பணம் கொடுத்த எனக்கு, வாசிக்க இயலாத நிலையில்தான் கிட்டார் திரும்பி வந்தது.

ஆறாம் தந்தியை விரல் வைக்காமல் மீட்டி, சுருதி காட்டும் டியூனரைப் பார்த்தால், பிக் (மீட்டும் சிறு வில்லை) பட்ட கணத்தில் முள் சி-யைத் தாண்டி வலப்பக்கம் பாய்ந்து, பிறகு மெல்ல இறங்குகிறது. மென்மையாக மீட்டிச் சுருதி சேர்த்தால், அழுத்தி வாசிக்கும்போது ஏறி ஒலிக்கிறது. அழுத்தி மீட்டிச் சேர்த்தால், மென்மையாக வாசிக்கும்போது இறங்கி நிற்கிறது. முதல் சில ஃபிரெட்களில் (கழுத்தின் குறுக்கேயுள்ள உலோகப் பட்டைகளில்) தந்தி உரசிக் கரகரக்கிறது. கீழ் மூன்று தந்திகளையும் ஒரே விரலால் அழுத்தி பவர் கார்ட் (கனத்த ஒலிக்கான எளிய சுரச்சேர்க்கை) பிடிக்க முடியும் என்பதற்காகவே பலரும் டிராப் சுருதியை நாடுகிறார்கள். அந்த கார்டில் சி நிலையாக நில்லாமல் அலைந்தால், டிஸ்டார்ஷன் (ஒலியைச் சிதைத்துக் கனமாக்கும் விளைவு) போட்டதும் அந்தப் பிசகு பல மடங்காகக் கேட்கிறது. பயிற்சிக்கூடத்தில் என் குழுவின் பேஸ் கிட்டாரோடு ஒரு பாடலில்கூட என்னால் சுருதி சேர்ந்து வாசிக்க முடியவில்லை.

இதன் காரணம் தெளிவானது. 46 என்ற எண் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 46 பங்கைக் குறிக்கிறது. அதாவது சுமார் 1.17 மில்லிமீட்டர். 25.5 அங்குல ஸ்கேல் நீளமுள்ள (தந்தியின் அதிரும் பகுதியின் நீளம்) கிட்டாரில், வழக்கமான ஈ சுருதியில், 82.4 ஹெர்ட்ஸில் அந்தத் தந்தியின் இழுவிசை ஏறக்குறைய 7.9 கிலோ. அதையே நான்கு அரைச்சுரம் இறக்கி 65.4 ஹெர்ட்ஸ் சி-க்குக் கொண்டுவந்தால், இழுவிசை அதிர்வெண்ணின் இருமடியைப் பொறுத்து மாறுவதால், அது சுமார் 5 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. தளர்ந்த தந்தி பிக்கின் வேகத்துக்கு அதிகமாக நெளிந்து, நெளியும் கணத்தில் சுருதி ஏறுகிறது. அதே சி-க்கு 56 தடிமனுள்ள தந்தியைப் பூட்டினால் இழுவிசை மறுபடி 7.5 கிலோவுக்கு வந்துவிடும். எனவே டிராப் சி-க்கு 11–56, 12–56 போன்ற கட்டுகளைத்தான் பரிந்துரைத்திருக்க வேண்டும். ஸ்கேல் நீளத்தையும் தங்கள் ஊழியர் கேட்கவில்லை. 24.75 அங்குலக் கிட்டாரில் அதே தந்தி சுமார் 6 விழுக்காடு தளர்வாகவும், 27 அங்குல பாரிட்டோன் எனும் நீளமான கிட்டாரில் சுமார் 12 விழுக்காடு இறுக்கமாகவும் இருக்கும் என்பதால், அதைக் கேட்காமல் தந்தி தேர்ந்தெடுக்க வழியில்லை.

என் முதல் புகாருக்குத் தாங்கள் அனுப்பிய பதிலில் மூன்று காரணங்கள் கூறப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றையும் என்னால் ஏற்க இயலவில்லை. சிங்கப்பூரின் ஈரப்பதம்தான் காரணம் என்கிறீர்கள். ஈரக்காற்று நாளடைவில் தந்தியைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பது உண்மை. ஆனால் புதிய தந்தியின் எடையை அது மாற்றாது; இக்குறையோ கிட்டாரைப் பெற்ற அன்று மாலையே தெரிந்தது.

தடித்த தந்திகள் கழுத்தை வளைத்துவிடும் என்பது அடுத்த காரணம். 10–46 கட்டு வழக்கமான சுருதியில் கழுத்தின்மேல் செலுத்தும் மொத்த இழுவிசை சுமார் 47 கிலோ. டிராப் சி-யில் அதே கட்டு சுமார் 36 கிலோதான் இழுக்கிறது. பழைய இழுவிசைக்கேற்ப ட்ரஸ் ராட் (கழுத்தினுள் வளைவைச் சீராக்கும் கம்பி) திருகப்பட்ட கழுத்து, இந்தத் தளர்வில் பின்புறமாக வளையவே இடமிருக்கிறது. நான் கேட்கும் கரகரப்புக்கு அதுவும் காரணமாகலாம். தடித்த கட்டைப் பூட்டிக் கீழிறக்கினால் மொத்த இழுவிசை பழைய அளவை ஒட்டியே வரும்.

மூன்றாவதாக, பிளாக் சப்பாத் எனும் ஹெவி மெட்டல் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி மெல்லிய தந்திகளோடுதான் சி ஷார்ப்வரை (சி-க்கு ஓர் அரைச்சுரம் மேல்) இறக்கி வாசித்தார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் 17ஆம் வயதில் தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கை வாசிப்பாளரான அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான். விரலுக்கு வலி குறைய வேண்டும் என்று அவர் தளர்வைத் தேடிக்கொண்டார். அந்த மாபெரும் கலைஞரின் வலியால் பிறந்த ஏற்பாட்டை, எந்தக் கட்டும் எந்தச் சுருதிக்கும் பொருந்தும் என்பதற்குச் சான்றாகக் காட்டுவது முறையன்று.

ஆகவே, 85 வெள்ளியைத் திருப்பித் தர வேண்டும். அல்லது கூடுதல் கட்டணமின்றி 11–56 அல்லது 12–56 கட்டைப் பூட்டி முறையாக செட்டப் செய்து தர வேண்டும். இரண்டாவதைத் தாங்கள் தேர்ந்தால், 46-க்கென வெட்டப்பட்ட நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் துண்டின்) பள்ளத்தில் 56 தந்தி இறங்காமல் மேலே தங்கும் என்பதால் அப்பள்ளத்தை அளவாக அராவி, கழுத்தின் வளைவையும் இன்டோனேஷனையும் (ஒவ்வொரு ஃபிரெட்டிலும் சுருதி சரியாக ஒலிப்பதை) சரிபார்த்தே கிட்டாரைக் கொடுக்க வேண்டும். பொட்டலம் பிரிக்கப்பட்டதால் திரும்பப் பெற இயலாது என்ற பதில் இங்கே பொருந்தாது; பிரித்துப் பூட்டியவர் தங்கள் ஊழியரே. இணையக் கடையின் விவரத்தையும் உடனே திருத்த வேண்டும். முதன்முதலாகக் கீழ்ச்சுருதிக்கு மாறும் இளம் வாசிப்பாளர்கள் அதை நம்பி வாங்கிவிட்டு, தம் கையில்தான் குறை என்று நினைத்து மனம் தளரக்கூடும் என்பதே என் பெருங்கவலை.

இக்கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் எழுத்துபூர்வமாகப் பதில் அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தவறினால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகுவேன்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், இணையக் கடை விவரத்தின் படம், டியூனர் அளவீட்டின் காணொளி