பச்சை விளக்கு: ஓடும்போது அல்ல, நிற்கும்போது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் விபத்து நடந்த இடத்துக்கு ஓடிப்போய் முதலுதவி செய்யும் தம்பி ஒருவரின் கடிதத்தைச் சென்ற இதழில் படித்தேன். தன்னைப் போன்ற தன்னார்வலர்களின் பைக்கிலும் காரிலும் சுழல்விளக்கு பொருத்த அரசு அனுமதி தர வேண்டும் என்று கேட்டிருந்தார். அப்படி ஒரு விளக்கைச் சொந்தக் காரில் 9 வருடமாக வைத்திருப்பவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்டில் இருக்கிறேன். நியூயார்க் நகரத்துக்குள் தீயணைப்பு என்பது அநேகமாகச் சம்பள ஆட்களின் வேலை. எங்கள் பக்கம் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். பகலில் பிளம்பராகவோ பள்ளி ஆசிரியையாகவோ இருப்பவர்கள், பேஜர் கத்தினால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவோம். இங்கே தன்னார்வத் தீயணைப்பு வீரரின் காருக்கு நீல விளக்கு, ஆம்புலன்ஸ் தன்னார்வலரின் காருக்குப் பச்சை என்று சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. குழுத் தலைவர் எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். அவசரப் பணியில் இருக்கும்போது மட்டும்தான் போடலாம். என்னுடையது பச்சை. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். ஊரிலிருந்து வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்னடா, மந்திரி ஆயிட்டியா?" என்று கேட்டார்.

மந்திரியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த விளக்குக்கு இங்கே 'கர்ட்டஸி லைட்' என்றுதான் பெயர். பார்ப்பவர் மரியாதைக்கு வழி விடலாம், விடாமலும் போகலாம். சைரன் கிடையாது. சிவப்பு சிக்னலில் எல்லோரையும் போல நிற்க வேண்டும், வேக வரம்பையும் மீறக் கூடாது. பக்கத்து மாநிலத்துக்குப் போனால் நிறத்தின் அர்த்தமே வேறு. நியூ ஜெர்சியில் இரண்டு வகைத் தன்னார்வலருக்கும் நீலம். மாசசூசெட்ஸில் நீலம் என்றால் போலீஸ். எங்கள் பச்சை என்னவென்று உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. பனி அள்ளும் வண்டியா என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார்.

தெரியாததால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நவம்பர் மாதத்து மழை இரவு. மார்பு வலி என்று அழைப்பு. பச்சையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முன்னால் போன கார்க்காரர் கண்ணாடியில் விளக்கைப் பார்த்துப் பதறி, ஓரம் போகாமல் நடுச்சாலையிலேயே பிரேக் அடித்துவிட்டார். என் பம்பருக்கும் அவர் வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம். திரும்பிப் பார்த்தார், முகம் வெளுத்திருந்தது. அவரைத் திட்டத் தோன்றியது. அப்புறம் யோசித்தால், அவரைப் பதற வைத்தது நான்தானே. அந்த ஓட்டத்தில் மிச்சமானது அரை நிமிடம்கூட இருக்காது. அன்றிலிருந்து வண்டி ஓடும்போது நான் விளக்கைப் போடுவதில்லை.

ஆனாலும் எங்களுக்கு இந்த விளக்கு ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆம்புலன்ஸ் பல நேரம் ஆளில்லாமல் கொட்டகையில் நிற்கிறது. நாங்கள் வீட்டிலிருந்து போய்ச் சேர்ந்தால்தான் அது கிளம்பும். தமிழ்நாட்டில் அந்தச் சிக்கல் இல்லை. 2008-இல் தொடங்கிய 108 சேவையில் பைலட் எனப்படும் ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் வண்டியோடுதான் இருக்கிறார்கள். தீயணைப்பு நிலையத்திலும் அப்படித்தான். அங்கே தன்னார்வலரின் வேலை, பெரிய வண்டி வரும்வரை அடிபட்டவரைப் பார்த்துக்கொள்வது. அதற்கு அவர் பத்திரமாக வந்து சேர்ந்தால் போதும்.

இன்னொன்று. 2017 மே 1 முதல் மந்திரிகள் காரிலிருந்தே சிவப்பு விளக்கை இறக்கினார்கள். போன முறை மதுரை வந்தபோது பார்த்தால், கட்சிக் கொடி கட்டிய ஒரு காரின் முன்பக்கக் கிரில்லில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வெட்டிக்கொண்டிருந்தது. உச்சியிலிருந்து இறங்கியது கிரில்லுக்குள் ஒளிந்துகொண்டது போலிருக்கிறது! அவசர ஊர்திக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் சட்டம் திருத்தினார்கள். சரி, எது அவசர ஊர்தி என்று ஜனங்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? தம்பி நல்ல எண்ணத்தில் கேட்கிறார். அனுமதி வந்தால், அவருக்கு முன்னால் அந்த விளக்கை வாங்கி மாட்டப்போவது யார் என்பது அவருக்கும் தெரியும்.

விளக்கு வீண் என்று சொல்லவில்லை. அது உதவுவது நின்ற பிறகுதான். பார்க்வே என்ற விரைவுச்சாலையின் வளைவில் ஒரு கார் கவிழ்ந்து கிடந்தது. ஆம்புலன்ஸ் வர இன்னும் நேரமிருந்தது. என் காரைச் சற்றுப் பின்னால் ஓரங்கட்டி, பச்சையைப் போட்டுவிட்டு இறங்கினேன். இருட்டில் வளைவுக்கு அந்தப் பக்கமே வேகம் குறைத்து ஒவ்வொரு வண்டியாக விலகிப் போனது. உள்ளே மாட்டியிருந்த பெண்ணின் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்த எனக்கு, முதுகுக்குப் பின்னால் அந்த வெளிச்சம் ஒரு சுவர் மாதிரி இருந்தது. சாலையோரம் நிற்கும் அவசர வண்டியைக் கண்டால் விலகிப் போக வேண்டும் என்று இந்த மாநிலத்தில் 2011 முதல் சட்டம் இருக்கிறது. சாலையோரம் நின்றபோது வண்டி மோதி இறந்த இரண்டு காவலர்களின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். பிற்பாடு நீல, பச்சை விளக்கு வண்டிகளையும் அதில் சேர்த்தார்கள்.

ஆகவே தம்பி அரசிடம் கேட்க வேண்டியது வேறு. இருட்டில் பளிச்சென்று தெரியும் சட்டை, மடக்கி வைக்கும் சிவப்பு முக்கோணம், கையில் பிடிக்கும் ஒளிரும் குச்சி: பயிற்சி பெற்ற ஒவ்வொரு தன்னார்வலருக்கும் இவற்றைக் கொடுக்கச் சொல்லட்டும். இதெல்லாம் நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. லாரி பழுதாகி நின்றால், டிரைவர் நாலு கல்லை வைத்து வேப்பங்கிளையை ஒடித்துப் பின்னால் போடுவார். ஆனால் எங்கள் ஊர் டிரைவர்கள் வண்டிக்கு ஐந்தடி பின்னாலேயே போட்டுவிடுவார்கள். ஐம்பது மீட்டராவது தள்ளிப் போட வேண்டும், வளைவு என்றால் வளைவுக்கு முன்பே. கிளம்பும்போது கல்லை மறக்காமல் எடுத்து ஓரம் போட்டுவிடுங்கள், தம்பி.

இப்படிக்கு,
ஒரு மதுரைக்காரன்,
லாங் ஐலண்ட், நியூயார்க்