தோப்பை அளந்துவிட்டு வாருங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பெங்களூரா மாங்காய் லாரி ஏறி முடிந்து ஆடிக்காற்று வீசத் தொடங்கினால், கடைக்கு ஒரே கேள்வியோடு நிறைய பேர் வருகிறீர்கள். "தோப்புக்கு ஒரு மினி டிராக்டர் வேணும், எத்தனை எச்.பி. எடுக்கலாம்?" போச்சம்பள்ளியிலிருந்து வந்தாலும் பாலக்கோட்டிலிருந்து வந்தாலும் முதல் கேள்வி எச்.பி. (குதிரைத்திறன்) பற்றித்தான். நாங்கள் திருப்பி, "ரெண்டு வரிசைக்கு நடுவுல எத்தனை அடி வழி இருக்கு?" என்று கேட்டால் பலர் யோசிக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

பழைய மாந்தோப்பில் மரத்துக்கு மரம் 30 அடி விட்டிருப்பார்கள். பெரிய டிராக்டரே அங்கே தாராளமாகப் போகும். அடர் நடவில் 15 அடிக்கு ஒரு மரம் வைக்கிறோம். ஒரு வருடம் கவாத்து தள்ளிப்போனால் இரண்டு பக்கக் கிளையும் நீண்டு, நடுவே 6 அடி மிஞ்சுவதே பெரிது. மினி டிராக்டரில் சில மாடல்கள் மூன்றரை அடி அகலத்துக்குள் அடங்கிவிடும், சில நாலரை அடியைத் தொடும். அந்த ஒரு அடிதான் பூங்கொத்து உதிர்வதையும் உதிராததையும் முடிவு செய்யும். அதனால் வருவதற்கு முன் மூன்று அளவு எடுங்கள்: வரிசையில் மிகக் குறுகலான இடம், தாழ்ந்த கிளையின் உயரம், கேட்டின் அகலம். நிலம் எந்தப் பக்கம் எவ்வளவு சரிகிறது என்பதையும் சொல்லுங்கள். தளி, அஞ்செட்டி பக்கத்து மேட்டுக்காட்டுக்குச் சொல்லும் வண்டியைக் காவேரிப்பட்டணத்துத் தென்னந்தோப்புக்கு நாங்கள் சொல்ல மாட்டோம்.

சரிவு நிலம் என்றால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை எடுங்கள். விலை கூடும்தான். ஆனால் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். பாரத்தோடு இறங்கும்போது பின்சக்கரம் வழுக்கினால் வண்டி உங்கள் கையில் இருக்காது. நான்கு சக்கர இழுவையைப் போட்டிருந்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். இறங்கும்போது சின்ன கியரிலேயே வாருங்கள், நடுவில் கிளட்சை மிதிக்காதீர்கள்.

எச்.பி.க்கு வருவோம். 24 எச்.பி. என்று எழுதியிருப்பது எஞ்சினின் திறன். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைச் சுற்றும் பிடிஓவுக்கு (வண்டியின் பின்னால் கருவியை ஓட்டும் சுழல் தண்டுக்கு) வருவது மாடலுக்கு மாடல் 17 முதல் 22 வரை இருக்கும். விலைப்பட்டியலில் அந்த எண்ணைப் பாருங்கள். 18 எச்.பி. வண்டிக்கு 3 அடி ரோட்டவேட்டர் போதும். 4 அடியை மாட்டினால் ஓட்டும், ஆனால் எஞ்சின் திணறும், டீசல் குடிக்கும்.

நம் மண்ணில் கல் அதிகம். கொத்துக் கலப்பை ஓட்டி, மேலே வந்த கல்லைப் பொறுக்கிவிட்டு அப்புறம் ரோட்டவேட்டரை இறக்குங்கள். பிடிஓ ஷாஃப்டில் ஷியர் போல்ட் இருந்தால், கல் மாட்டும்போது அது உடைந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும். திரும்பத் திரும்ப உடைகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போட்டால் அடுத்த கல்லுக்கு கியர்பாக்ஸ் போகும். மரத்தின் நிழல் விழும் வட்டத்துக்குள் ரோட்டவேட்டர் வேண்டாம். சத்தெடுக்கும் சல்லிவேர் அங்கே மேலாகவே ஓடுகிறது.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காய்ப்பு குறைந்த மரத்தை வெட்டி, கட்டையைச் சங்கிலியால் டிராக்டரில் கட்டி இழுக்கும் வேலை இப்போது நிறைய நடக்கிறது. ஒன்றரை அடி குறுக்களவும் 8 அடி நீளமும் உள்ள பச்சை மாங்கட்டை 300 கிலோவுக்கு மேல் எடை வரும். மினி டிராக்டரே 600 முதல் 900 கிலோதான். போன வருடம் நம் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. பின்பக்கம் அச்சுக்கு மேலே கருவியைப் பிடிக்கும் டாப் லிங்க் பிராக்கெட் ஒரு பக்கமாக வளைந்திருந்தது, அதைக் கோக்கும் இரும்பு முளையில் சங்கிலி அறுத்த தழும்பு பளபளவென்று தெரிந்தது. கட்டை பழைய அடிமரத்தில் மாட்டிக்கொள்ள, முன்சக்கரம் இரண்டும் முழங்கால் உயரம் எழும்பியிருக்கிறது. ஓட்டிய தம்பி கிளட்சை மிதித்ததால் பிழைத்தார். எங்களிடம் அதைச் சொல்லும்போதும் அவர் கை நடுங்கியது.

காரணம் இதுதான். எஞ்சின் பின்சக்கரத்தைச் சுற்றப் பார்க்கிறது. கட்டை நகராமல் பிடித்துக்கொண்டு, சங்கிலியும் அச்சுக்கு மேலே கட்டியிருந்தால், சக்கரத்துக்குப் பதிலாக வண்டியே அச்சைச் சுற்றி எழும்பும். கண் மூடித் திறப்பதற்குள் பின்னால் கவிழ்ந்துவிடும். கீழே உள்ள இழுவைக் கொக்கியில் கட்டினால் முன்பக்கம் எழும்பும்போது கொக்கி தாழும், இழுவை தானாகத் தளரும். அதனால் எவ்வளவு அவசரமானாலும் சங்கிலி கீழ்க் கொக்கியில்தான். கட்டையின் முன்நுனியைச் சுற்றிலும் சரித்துச் செதுக்கிவிடுங்கள், மண்ணில் குத்தாது. சரிவில் குறுக்காக இழுக்காதீர்கள்.

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் உருளுதடுப்புக் கம்பி உள்ள வண்டியாகவே கேளுங்கள். கம்பி நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட் கட்டாயம். தாழ்ந்த கிளைக்காகச் சமதரையில் மடக்கினால் பெல்ட் போடக்கூடாது, தோப்பைத் தாண்டியதும் கம்பியை நிமிர்த்திவிடுங்கள். பிடிஓ ஷாஃப்டின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி வீசாதீர்கள். உள்ளே ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. வேட்டி நுனியோ முந்தானையோ மாட்டினால் இழுத்துக்கொள்ள ஒரு நொடி ஆகாது. மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைக்கவே வேண்டாம்.

மூன்று ஏக்கருக்குள் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு எங்கள் கருத்து: சொந்த வண்டி வேண்டாம். வருடத்தில் சில நாள் வேலைக்கு வேளாண்மைப் பொறியியல் துறை குறைந்த வாடகைக்கு வண்டி தருகிறது, உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். வாங்கத்தான் வேண்டும் என்றால் மானியத்தை விட்டுவிடாதீர்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டு 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை உண்டு. முதலில் விண்ணப்பம், ஒப்புதல் வந்த பிறகு வண்டி. அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிட்டு எங்களிடம் வராதீர்கள்.

வரும்போது மேலே சொன்ன அளவுகளைத் துண்டுத்தாளில் எழுதி எடுத்து வாருங்கள். வண்டி ஓட்டப்போகிறவரையும் அழைத்து வாருங்கள். சங்கிலியை எங்கே, எப்படிக் கட்டுவது என்று கடை வாசலிலேயே ஒரு கட்டையை வைத்துக் காட்டுகிறோம்.

அன்புடன்,
டிராக்டர் உதிரிபாகக் கடையும் பட்டறையும்,
கிருஷ்ணகிரி