ஐந்து மார்க் சீட்டு

வோல்ஃப்ஸ்பர்க்,
16.11.2025, ஞாயிறு.

மதிப்பும் அன்பும் நிறைந்த அப்பாவுக்கு,

சங்கரலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு தங்கள் நலமும் அம்மா, செண்பகம், பெரியப்பா ஆகியோரின் நலமும் அறிய ஆவல். ஆவணியில் தாங்கள் எழுதிய கடிதத்துக்கு, நாளை கார்த்திகை பிறக்கப் போகிறது என்ற நிலையில்தான் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாரம் தவறாமல் தொலைபேசியில் பேசுகிறோமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஓரத்தில் இடம் விட்டு, எண் போட்டு, எட்டுக் கேள்விகள் எழுதி அனுப்பிய ஒரு தலைமையாசிரியருக்குத் தொலைபேசியில் விடை சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது என்பது இத்தனை மாதமும் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. மன்னிக்க வேண்டும்.

முதல் கேள்வியாக, நான் வேலை செய்யும் ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் வரலாறு என்ன, உலகில் அதற்கு இன்று மதிப்பு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி எங்கிருந்து புறப்பட்டது என்பது எனக்குத் தெரியும். கடையத்து மாப்பிள்ளை வீட்டார் கேட்டதை அம்மா பாதி சொல்லிப் பாதி விழுங்கினாள். அதைக் கடைசியில் எழுதுகிறேன். முன்னதாக ஒரு திருத்தம்: நான் அந்தக் கம்பெனியின் ஊழியன் அல்லன். கார் பாகங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில்தான் எனக்குச் சம்பளம். கோமதி அத்தை ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பதைத் தாங்கள்தான் பக்குவமாகத் திருத்த வேண்டும்.

நெய்வேலியைப் போல, இங்கேயும் ஆலை வந்த பிறகுதான் ஊர் வந்தது. கால்வாய்க்கு அக்கரையில் நீண்டு கிடக்கும் செங்கல் கட்டடமும், அதன் மின்நிலையத்தின் நான்கு புகைபோக்கிகளும், நம் ஊரில் பொதிகை மலை தெரிவதுபோல எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் படுகின்றன. 1938 மே 26 அன்று ஹிட்லர் அந்த ஆலைக்கு அடிக்கல் நாட்டினார். அந்த ஆண்டு ஜூலை முதல் தேதி ஊர் பிறந்தது. அப்போது அதற்கு வைத்த பெயர் 'ஃபாலர்ஸ்லேபன் அருகேயுள்ள கே.டி.எஃப். கார் நகரம்' என்பது. கே.டி.எஃப். என்றால் மகிழ்ச்சியால் வலிமை என்று பொருள். ஒரு காரின் பெயரையே ஊருக்கு வைத்தவர்கள், அந்தக் காரை ஊர்மக்கள் ஒருவருக்கும் கொடுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. போர் முடிந்த 1945 மே மாதத்திலேயே அந்தப் பெயரை எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த பழைய கோட்டையின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள்.

அந்தக் காரை விற்ற முறையைத் தாங்கள் அவசியம் அறிய வேண்டும். விலை 990 மார்க்; மார்க் என்பது அன்றைய ஜெர்மன் நாணயம். அதைச் சாதாரணத் தொழிலாளி ஒரே தவணையில் கொடுக்க முடியாது என்பதால், வாரம் 5 மார்க் கட்டி, அதற்கு அடையாளமாக ஒரு வில்லை வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும். அட்டைகள் நிரம்பினால் கார் வரும். வட்டி கிடையாது, இடையில் விலகினால் பணம் திரும்பாது. நம் ஊர்ச் சீட்டில் ஏலமாவது உண்டு. இதில் அதுவும் இல்லை. சீட்டை நடத்தியது, 1933-ல் தொழிற்சங்கங்களைக் கலைத்து அவற்றின் சொத்தைப் பறித்துக்கொண்ட நாஜிகளின் தொழிலாளர் அமைப்பு. சங்கத்துக்காகச் சிறைக்குப் போன தங்களுக்கு இதைப் படிக்கும்போது ரத்தம் கொதிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஏறத்தாழ 3,36,000 பேர் கட்டினார்கள். 1939-ல் போர் வந்தது. ஆலை இராணுவ வண்டிகளைச் செய்யப் போய்விட்டது. கட்டியவர்களில் ஒருவருக்கும் கார் வந்து சேரவில்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த நிதி நிறுவனம் ஒரு திங்கட்கிழமை பூட்டிக் கிடந்ததும், தாங்கள் வெயிலில் அரை நாள் அந்த மாடிப்படியில் நின்றுவிட்டு வந்து யாரிடமும் பேசாமல் படுத்துக்கொண்டதும், அருங்காட்சியகத்தில் அந்த அட்டையைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தன. கட்டம் கட்டமாக வில்லைகள் ஒட்டியிருந்தன. ஒரு வில்லைகூடக் கோணலாக இல்லை.

கட்டியவர்கள் சும்மா விடவில்லை. போருக்குப் பின் புதிதாக எழுந்த கம்பெனிமீது வழக்குப் போட்டார்கள். பணம் வாங்கியது நாங்கள் அல்ல என்று கம்பெனி வாதாடியது. வழக்கு 1961 வரை இழுத்து, சமாதானத்தில் முடிந்தது: முழுத் தொகையும் கட்டியவர் புதுக் கார் வாங்கினால் 600 மார்க் தள்ளுபடி, கார் வேண்டாமென்றால் ரொக்கமாக 100 மார்க். இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தவர்களுக்கு அது நியாயமா என்று தாங்கள் சொல்லுங்கள். நமக்கு அந்த நூறும் வரவில்லை.

இன்று இந்த நாட்டில் போரில் மாண்டவர்களை நினைவுகூரும் ஞாயிறு. ஆதலால் இன்னொன்றையும் எழுதியே ஆக வேண்டும். போர்க்காலத்தில் இந்த ஆலையில் சுமார் 20,000 பேர் கட்டாய வேலைக்கு நிறுத்தப்பட்டார்கள்: போர்க்கைதிகள், வதைமுகாமிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், போலந்திலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் பிடித்து வரப்பட்ட ஆண்களும் பெண்களும். அந்தப் பெண்கள் பெற்ற கைக்குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து ஆலையின் பொறுப்பிலிருந்த ஒரு விடுதியில் வைத்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் கவனிப்பின்றி இறந்தன. அதற்குப் பொறுப்பான ஆலை மருத்துவரைப் பிரிட்டிஷார் 1947-ல் தூக்கிலிட்டார்கள். கம்பெனி இதையெல்லாம் வெகுகாலம் பேசாமலே இருந்தது. பிறகு ஒரு வரலாற்றுப் பேராசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்து எழுதச் செய்து, 1999-ல் ஆலைக்குள்ளேயே, குண்டுவீச்சுக்குப் பதுங்கும் பழைய நிலவறையில் நினைவிடம் அமைத்தது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

ஆலை பிழைத்தது ஓர் ஆங்கிலேயரால். குண்டு விழுந்து கூரை பிய்ந்து கிடந்த ஆலையை 1945-ல் பார்த்துக்கொள்ள வந்த மேஜர் ஐவன் ஹர்ஸ்ட், கிடந்த ஒரு காருக்குப் பச்சை வண்ணம் அடித்துத் தன் மேலதிகாரிகளுக்கு ஓட்டிக் காட்டினார். பிரிட்டிஷ் இராணுவத்துக்கு 20,000 கார்கள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. பிரிட்டிஷ் கார் முதலாளிகளோ இங்கே வந்து பார்த்துவிட்டு, இந்த வண்டி விலைபோகாது என்று திரும்பிப் போனார்கள். 1948 ஜனவரி முதல் தேதி ஹைன்ரிக் நோர்ட்ஹோஃப் ஆலையின் தலைவராகப் பொறுப்பேற்றார். 1955 ஆகஸ்டில் பத்து லட்சமாவது கார் பொன்வண்ணத்தில் வெளிவந்தது. வெள்ளைக்காரனுக்குக் கணக்குத் தப்பாது என்று பெரியப்பா சொல்லும்போதெல்லாம் இதை அவருக்கு வாசித்துக் காட்டலாம்.

அந்தக் காரை இவர்கள் வண்டு என்று அழைக்கிறார்கள். அதை நான் முதன்முதலில் தொட்டுப் பார்த்தது எங்கள் கீழ்வீட்டு இத்தாலியத் தாத்தாவிடம். தென் இத்தாலியிலிருந்து 1962-ல் பத்தொன்பது வயதில் வந்தவர். ஆலை அந்த ஆண்டு இத்தாலியர்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்து, வேலி போட்ட மரவீடுகளில் குடிவைத்தது. இரண்டு ஆண்டு இருந்து வீடு கட்டக் காசு சேர்த்துக்கொண்டு திரும்பிவிடுவதாகத்தான் அவரும் வந்தாராம். இப்போது வயது எண்பத்திரண்டு. தெருமுனையில் வாடகைக்கு ஒரு கொட்டகை பிடித்து, அதில் ஒரு பழைய வண்டுக் காரை நிறுத்தி வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் போய்ப் போர்வையை விலக்கி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இத்தாலிய நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, மறுபடி மூடிவிட்டு வருவார். ஓட்டுவதில்லை. ஏன் என்று கேட்டால், எங்கே போவது என்று திருப்பிக் கேட்கிறார்.

எஞ்சின் பின்புறம் இருக்கிறது, சாமான் வைக்கும் இடம் முன்புறம். காற்றாலேயே குளிரும் எஞ்சின். ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆகவே பனியில் உறைவதற்கோ மலையேறும்போது கொதிப்பதற்கோ அதில் ஒன்றும் கிடையாது. பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும்போது பெரியப்பாவின் அம்பாசிடர் புகைவிட்டு நின்றதையும், நானும் செண்பகமும் ஓடைக்கு ஓடிக் குடத்தில் நீர் மொண்டு வந்ததையும் தாத்தாவுக்கு என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவர் கதவைத் திறந்து என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். உள்ளே பழைய ரெக்சினும் பெட்ரோலும் கலந்த மணம், பெரியப்பா வண்டியின் அதே மணம். திருநீற்று வாடை ஒன்றுதான் குறைந்தது. அப்பா, எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. சிறிது நேரம் பேச முடியவில்லை. தாத்தா நாளிதழின் ஒரு தாளைப் பிரித்து என் கையில் கொடுத்துவிட்டு அவர் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தார். அந்த மொழி எனக்குத் தெரியாது. இப்போது ஞாயிறுதோறும் நானும் போகிறேன்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கேட்டிருந்தாள். இந்தப் பத்தியைத் தாங்கள் மட்டும் படித்துக்கொள்ளுங்கள். ஆலைச் சமையற்கூடத்தில் 1973 முதல் கறிவூர்ஸ்ட் என்று ஒரு பண்டம் செய்கிறார்கள்: அரைத்த பன்றி இறைச்சியைக் குழாயாக அடைத்து, துண்டு போட்டு, தக்காளிச் சாறு ஊற்றி, மேலே மசாலாப் பொடி தூவியது. கார் பாகங்களுக்கு இருப்பதுபோல அதற்கும் பாக எண் உண்டு, 199 398 500 ஏ. கம்பெனி தன் பெயரில் விற்ற கார்களைவிட இது அதிகமாக விற்ற ஆண்டுகள் உண்டு. 2021-ல் தலைமை அலுவலகச் சாப்பாட்டுக் கூடம் ஒன்றில் இதை நிறுத்தியபோது முன்னாள் பிரதமர் ஷ்ரோடரே எதிர்ப்புத் தெரிவித்தார். 2023-ல் திரும்ப வந்துவிட்டது. அதன் பெயரில் உள்ள கறி நம் கறிதான் என்று அலுவலகத்தில் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. பொடியில் மஞ்சள் இருக்கிறது, காரம் இல்லை. அம்மா கொடுத்தனுப்பிய மிளகாய்ப் பொடியை ஒரு சிட்டிகை மேலே தூவிக்கொண்டேன். பக்கத்திலிருந்தவர் கேட்டு வாங்கி, பத்து நிமிடம் தண்ணீர் குடித்தார்.

அந்த வண்டுக் கார் 1972 பிப்ரவரி 17 அன்று 1,50,07,034 என்ற எண்ணிக்கையைத் தொட்டு, ஃபோர்டின் டி மாடலை முந்தியது. 2003-ல் மெக்சிகோவில் கடைசி வண்டி வெளிவந்தபோது மொத்தம் 2,15,29,464. இடையில் 1974-ல் வந்த கோல்ஃப் கார்தான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. இப்படிச் சேர்த்த பெயரை 2015 செப்டம்பரில் ஒரே வாரத்தில் கெடுத்துக்கொண்டார்கள். கல்வி அதிகாரி வரும் நாளில் மட்டும் சுவரில் படங்களை மாட்டி, பக்கத்து வகுப்புச் சூட்டிகைப் பிள்ளைகளை முதல் பெஞ்சில் உட்கார வைக்கும் பள்ளிகளைத் தாங்கள் எவ்வளவு வெறுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். இவர்கள் டீசல் காருக்குள் அதையே மென்பொருளாக எழுதி வைத்திருந்தார்கள். ஸ்டியரிங் திரும்பாமல் சக்கரம் மட்டும் சுழன்றால் இது சோதனைக்கூடம் என்று கார் தெரிந்துகொண்டு சுத்தமாகப் புகை விடும்; சாலைக்கு வந்ததும் அமெரிக்கா அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கும். உலகம் முழுவதும் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். தலைவர் பதவி விலகினார். அபராதமும் இழப்பீடுமாக 3,000 கோடி யூரோவுக்கு மேல் போயிற்று. வண்டி நல்ல வண்டிதான் என்று இங்குள்ளவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் 2030-க்குள் ஜெர்மனியில் 35,000 பேருக்கு மேல் குறைப்பது என்று சென்ற ஆண்டு டிசம்பரில் தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அதனால் ஊரே தணிந்த குரலில்தான் பேசுகிறது.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் வேலை நேரம் சற்றுக் குறைந்திருப்பதால் ஓய்வு நிறையக் கிடைக்கிறது. அலுவலகத்துக்கு மிதிவண்டியில்தான் போகிறேன், உடம்புக்கு நல்லது. மாலை நாலேகாலுக்கே இருட்டிவிடுகிறது. அறையில் ஹீட்டரை அதிகம் வைத்தால் தோல் வறண்டுவிடும் என்பதால் குறைத்தே வைத்துக்கொள்கிறேன், போர்வை இரண்டு இருக்கிறது. இந்த மாதப் பணம் பத்து நாள் பிந்தி வரும், தொகையும் கொஞ்சம் குறைவாக இருக்கும். வங்கி மாற்றுகிறேன், அதனால்தான்.

இனி கடையத்து விஷயம். மாப்பிள்ளைக்கு 'உங்கள் பையன் கம்பெனி கார்' ஒன்று சீராக வேண்டும் என்று அவர்கள் கேட்டதை அம்மா சொல்லிவிட்டாள். எனக்கு அந்தக் கம்பெனியின் ஊழியர் சலுகை எதுவும் கிடையாது. இங்கிருந்து அனுப்பவும் முடியாது; ஸ்டியரிங் இடப்பக்கம், சுங்கவரியோ ஏறக்குறைய காரின் விலை அளவுக்கே வரும். புனே அருகே சாக்கன் ஆலையில் செய்து நம் நாட்டில் விற்பதை அவர்களே சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ளலாம். பெண்ணைக் கேட்க வந்தவர்கள் இரண்டாவது சந்திப்பிலேயே கம்பெனியின் வரலாறு கேட்கிறார்கள் என்றால், அவர்கள் விசாரிப்பது செண்பகத்தையா, காரையா? ஆற்றங்கரை வயலை இதற்காக அடமானம் வைக்கக் கூடாது. அம்மாவின் சங்கிலியும் பெட்டியிலேயே இருக்கட்டும். புதிதாக ஒரு சீட்டில் சேரப் போவதாக எட்டாவது கேள்வியின் கீழே சிறிய எழுத்தில் எழுதியிருந்தீர்களே, அதற்குத்தான் அட்டைக் கதையை அவ்வளவு நீளமாக எழுதினேன். முதலில் செண்பகத்தைத் தனியே கூப்பிட்டு அவள் மனதைக் கேளுங்கள். என்னிடம் அவள் சொல்லிவிட்டாள். தாங்களும் அவள் வாயாலேயே கேட்க வேண்டும்.

வயலின் பட்டாவில் தாத்தா பெயரை மாற்றக் கிராம நிர்வாக அலுவலர் கேட்ட வாரிசுச் சான்றிதழ் கிடைத்ததா? மழைக்கு முன் அடுக்களை ஓட்டை மாற்றினீர்களா? அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் மட்டும் போதாது, திருநெல்வேலிக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். மீதிக் கேள்விகளுக்கு அடுத்த ஞாயிறு எழுதுகிறேன்.

தங்கள் அன்பு மகன்,
சங்கரலிங்கம்

பி.கு.: பெரியப்பா அம்பாசிடரை எடைக்குப் போடப் போவதாகச் செண்பகம் சொன்னாள். நான் சித்திரையில் வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடட்டும். அந்தத் தொகையை நான் அனுப்பிவிடுகிறேன்.